மூன்றாவது மிதி

நான் காலால் பிறந்தவள். எல்லாரும் தலை முதலாக வந்தால் நான் கால் முதலாக வந்தேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் என் அம்மா அதைத் தோட்டமெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு, கால் பிசகல், எதுவானாலும் சரி. நோவு கண்டவர் தரையில் படுத்துக்கொள்வார். நான் வலது காலால் நோகிற இடத்தில் மூன்று தரம் மிதிக்க வேண்டும். மிதித்த பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. நேரே வாசலைத் தாண்டிப் போய்விட வேண்டும். கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இந்தச் சட்டமெல்லாம் யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. போட்டவர் நிச்சயம் தலையால் பிறந்தவராகத்தான் இருப்பார்.

எங்களுடையது ரப்பர் தோட்டம். எஹலியகொடையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகிற ரோட்டிலிருந்து மேலே ஏறி வர வேண்டும். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய் நிற்போம். அங்கேதான் பேர் கூப்பிடுவார்கள். பிறகு கத்தியும் வாளியுமாக மலை ஏறி, மரம் மரமாகப் பட்டையைச் சீவி, பால் வடிய சிரட்டையைச் சரிசெய்துவிட்டு, கடைசி மரம் முடிந்ததும் முதல் மரத்திலிருந்து பாலைச் சேர்த்துக்கொண்டு இறங்குவோம். ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு வரும்போது பொழுது உச்சி தாண்டியிருக்கும். வந்து காலை நீட்டினால் வாசலில் ஒரு ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஒரு மிதி மிதிச்சு வுட்டுட்டுப் போ தாயி" என்பார்.

போவேன். மிதிப்பேன். திரும்பிப் பார்க்காமல் வருவேன். மூன்று நாளில் தானாகப் போகிற நோவு மூன்று நாளில் போகும், பெயர் என் காலுக்கு வரும். போகாவிட்டால் அந்த ஆளுக்கு நம்பிக்கை போதவில்லை என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் குற்றம் என் காலுக்கு வராது. அந்தச் சௌகரியத்தில் நானும் கொஞ்சம் திமிராக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரியை மதினி என்று கூப்பிடுவேன். இரத்த உறவு இல்லை. அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள். அந்த அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மதினிக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. வாய் என்றால் அப்படியொரு வாய். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. நான் குழம்பு கொதிக்க வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "புளி கூடிப்போச்சு புள்ள."

அவளுக்கு ஒரே மகள். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த வருஷம் மகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். தீபாவளி கழிந்து பிறக்கும் என்று சொன்னார்கள். தாய்வீட்டுக்குக் கூட்டி வந்து பேறு பார்ப்பதுதான் முறை. ஆனால் அது கெட்ட காலம். வேலையை விட்டு நகர்ந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். அதனால் மகள் கடைசி நாள்வரை வேலைக்கு நிற்பது, மதினியே அங்கே போய்ப் பேறு பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

கெட்ட காலம் என்றால், ரப்பர் விலை விழுந்துபோன வருஷம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பால் வெட்டு என்று ஆக்கிவிட்டார்கள். என் மரங்களுக்கு ஒரு நாள், மதினியின் மரங்களுக்கு மறுநாள். வேலை பாதியானதோடு சோறும் பாதியானது. அதிலும் ஆட்கள் அதிகம் என்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குத் தோன்றிவிட்டதாம். தீபாவளிக்கு முந்திய வாரம் அவரே வந்து நின்று ஆட்களைப் பொறுக்கப் போகிறார், வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடப் போகிறார் என்று பேச்சு. கிழவர்கள், சீக்குக்காரர்கள், நொண்டிகள்தான் முதலில். ஊர் என்று எதைச் சொல்கிறார்கள் என்று மதினி கேட்பாள். அவள் பிறந்தது இந்த மலையில், புருஷனைப் புதைத்தது இந்த மலையில். கடலுக்கு அப்பால் அவளுக்கு ஒரு நாய்க்குட்டிகூடத் தெரியாது.

ரப்பர்க் கொட்டை விழுகிற பருவம் அது. காய் வெடித்து, வழவழவென்ற கொட்டைகள் சருகுக்கு அடியில் கிடக்கும். மழையும் பெய்திருந்தால் காலை வைக்க இடம் இருக்காது. மதினியின் வெட்டு நாள். நான் அந்தப் பக்கமாக விறகு பொறுக்கப் போயிருந்தேன். நிறைந்த வாளியோடு இறங்கி வந்தவள் கொட்டையில் காலை வைத்துச் சறுக்கினாள். வலது கால் உள்பக்கமாக மடிந்து, அதன்மேல் அவள் உட்கார்ந்துவிட்டாள். வாளியை மட்டும் விடவில்லை. ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

"வாளியப் புடி புள்ள, வாளியப் புடி" என்றுதான் முதலில் கத்தினாள்.

வாளியைக் கொண்டுபோய் ஸ்டோரில் கொடுத்தேன். விறகுக் கட்டை அங்கேயே போட்டேன். திரும்ப ஏறி வந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்த வைத்து லயத்துக்குக் கொண்டுவந்தேன். வழி முழுக்க அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். வேகமாகப் போகிறேனாம், ஆட்டுகிறேனாம், இந்த வழியாகக் கூட்டி வந்திருக்கக் கூடாதாம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மழையில் நனைந்திருந்தேன். என் வீட்டு அடுப்பு அணைந்துபோயிருந்தது.

"மதினி, மருந்துக்காரய்யாகிட்ட போயிருவோம். கட்டுப் போட்டு விடுவாரு" என்றேன்.

"போனா சீக்குப் பொஸ்தகத்துல பேரு ஏறும். தொரை மொதல்ல அந்தப் பொஸ்தகத்தத்தான் தொறப்பாரு. கண்ணு தெரிஞ்சே கெணத்துல வுழச் சொல்றியா? நீ மிதிச்சு வுடு. நாளைக்கு எந்திரிச்சிருவேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பே இல்ல" என்றாள். தரையில் படுத்துக் காலை நீட்டினாள். "என்ன பாத்துக்கிட்டே நிக்கிற? மிதி" என்றாள்.

முதல் மிதி தொட்டும் தொடாமலும் வைத்தேன். "பஞ்சுல மிதிக்கிறியா?" என்றாள். இரண்டாவது மிதி கொஞ்சம் அழுத்தி வைத்தேன். "ஒனக்கு ஒடம்புல சத்தே இல்ல" என்றாள். மூன்றாவது மிதியில் என் அன்றைய பசி, மழை, விறகுக் கட்டு, உப்பில்லாத கஞ்சி, பிறந்த நாளிலிருந்து என் காலைக் கேட்டு வந்த அத்தனை பேர், எல்லாம் சேர்ந்து இறங்கின. முழுப் பாரத்தையும் அந்தக் கணுக்கால்மேல் வைத்தேன். குதிகாலுக்கு அடியில் ஏதோ பொசுக்கென்று விலகியது எனக்குத் தெரிந்தது.

மதினி கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்தாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு எனக்கு நன்றாக உதவியது. வாசலைத் தாண்டி வந்துவிட்டேன். அன்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குழம்பைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

மறுநாள் என் வெட்டு முடிந்து வந்ததும் போய்ப் பார்த்தேன். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது. தோல் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "சுளுக்கு எறங்குறப்ப வீங்கத்தான் செய்யும்" என்று எனக்கு நற்சான்று கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அங்கேயே மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது. சொல்லியிருக்கலாம். கோபத்தில் மிதித்துவிட்டேன் மதினி என்று மூன்று சொல். வாயில் வரவில்லை.

கங்காணி வந்தார். அவருக்குத் தன் ஆட்களில் ஒருத்தி குறைவது பிடிக்காது. ஆள் குறைந்தால் அவருக்கு வருகிற தலைக்காசும் குறையும். வீட்டுக்குள்ளே வராமல் வாசலில் நின்றே காலைப் பார்த்தார்.

"மரத்துல பால் குறையப்படாது. பெரட்டுல பேரக் கூப்புட்டா ஒரு கொரல் வரணும். அது ரெண்டும் இருந்தா நான் கண்ண மூடிக்கிறேன். ஆனா தொரை ஆள் பொறுக்குற அன்னிக்கு அவ கால்ல அவதான் நிக்கணும். அதுக்கு நான் ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார்.

"அவங்க மரத்த நான் வெட்டுறேங்க" என்றேன்.

கங்காணி என்னை வியப்பாகப் பார்த்தார். மதினியும் பார்த்தாள். என் வீட்டுக்காரர் இரவுச் சோற்றின்போது, "ஒனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். அவருக்கும் நான் சொல்லவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிங்கள ஆட்களின் கிராமம். நாங்கள் அதை நாடு என்போம். அங்கே முறிவு, பிசகலுக்குப் பார்க்கிற வெதமாத்தயா ஒருவர் இருந்தார். பரம்பரை வைத்தியர். அடுத்த நாள் மாலை என் வீட்டுக்காரர் மதினியை முதுகில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார். நான் வெற்றிலைச் சுருளோடு பின்னால் போனேன். எனக்குச் சிங்களம் வரும். சின்ன வயதில் ஆற்றோரத்தில் நாட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியது. மதினி சிங்களத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அதனால் பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டியவள் நான்.

வெதமாத்தயா அவசரப்படாத மனிதர். வெற்றிலையை வாங்கி வைத்துவிட்டு, மதினியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, கட்டை விரலால் எலும்போரமாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார். அங்கே வீக்கத்தின்மேல் குதிகால் அளவுக்கு ஒரு கறுப்பு. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கவுத மேக்க பேகுவே?" என்றார். யார் இதை மிதித்தது என்று அர்த்தம்.

"என்ன கேக்குறாரு?" என்றாள் மதினி.

"எப்ப வுழுந்தீங்கன்னு கேக்குறாரு."

"முந்தாநேத்துன்னு சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டு, முந்தாநாள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். எலும்பு முறியவில்லை. உள்ளே நரம்பு கிழிந்திருக்கிறது. விழுந்த அன்றே பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, காலை உயரத் தூக்கி வைத்து, சும்மா விட்டிருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் நடந்திருப்பாள். பிசகின காலை அன்றே தேய்க்கவும் கூடாது, சூடு காட்டவும் கூடாது, மிதிக்கவே கூடாது. மிதித்தவர் பத்து நாள் நோவை நாற்பது நாளாக்கிவிட்டார்.

"இவ்வளவு நேரம் என்ன சொன்னாரு?" என்றாள் மதினி.

"நாப்பது நாள் ஆகும்ங்கிறாரு" என்றேன். அதில் பொய் இல்லை.

இலையும் பட்டையும் இடித்த மருந்துப் பத்தைக் குளிரக் குளிரக் காலில் பூசி, வாழை மட்டையை இரண்டு பக்கமும் அணை கொடுத்து, துணியால் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றிக் கட்டினார். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டைத் தளர்த்த வேண்டும் என்றார். மூன்று நாளைக்கு ஒருமுறை பத்து மாற்ற வேண்டும். பன்னிரண்டு நாள் பாதம் தரையில் படக் கூடாது. படுத்தால் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். "எப்பா, எப்பா" என்று மதினியைப் பார்த்து விரலை ஆட்டினார். கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் விளங்குகிற சிங்களம்.

நாற்பது நாள். துரை வருகிற நாளுக்கு நாற்பத்திரண்டோ மூன்றோ இருந்தது. வழியெல்லாம் நான் விரல் மடித்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இல்லை. என் நாளில் என் பேருக்கு, "இருக்கேங்க" என்றேன். மறுநாள் மதினியின் பேரைக் கூப்பிடும்போதும் நான்தான், "இருக்கேங்க" என்றேன். கணக்கப்பிள்ளை லாந்தருக்குக் கீழே குனிந்தபடி எழுதுகிறவர், நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் இல்லை. பாதிச் சோற்றில் முழு வேலை. திரும்பி வந்ததும் இலை இடிக்க வேண்டும், பழைய பத்தை வெந்நீரில் ஊற வைத்து எடுக்க வேண்டும், புதிதாகப் பூச வேண்டும், கட்ட வேண்டும். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், அரிசி வேக வைக்க வேண்டும், வெளியே போவதற்குத் தாங்கிக் கூட்டிப் போக வேண்டும். சில நாள் மலையில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியிருக்கிறேன். கத்தி விழுகிற சத்தத்தில் விழித்துக்கொள்வேன்.

இதற்கு நடுவிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். என் காலில் இப்போது சக்தி இல்லை, போய்விட்டது என்றேன். சிலர் நம்பினார்கள். சிலர் கோபித்துக்கொண்டு, கூப்பிட்டதற்கு வராதவள் நன்றாக இருக்க மாட்டாள் என்று சாபம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மதினி கொஞ்சமாவது நன்றியோடு இருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். அவள் சாக்குமூட்டைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி எனக்குக் கட்டளை போட்டாள். பத்து அரைபடவில்லை. கட்டு இறுகிவிட்டது. கட்டு தளர்ந்துவிட்டது. சோறு குழைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே அவள் மரங்கள். தினமும் கேட்பாள்.

"ஆத்தோரத்துல சாஞ்ச மரம் எப்புடி இருக்கு? அதுக்குப் பட்டை மெல்லிசு. ஆழமா வெட்டிராத."

"மரத்துக்கிட்டயே வந்து கேளுங்க."

"கோவத்துல கத்திய வெக்காத புள்ள. கோவத்துல வெச்சா மரத்துக்குத் தெரியும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை ஒழுகுகிற இடத்தில் சட்டி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழிந்து வீக்கம் வடிந்தது. வெதமாத்தயா எண்ணெய் கொடுத்தார். விரலிலிருந்து மேல்நோக்கி மெல்ல நீவ வேண்டும், அழுத்தக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும், வட்டமாகச் சுற்ற வேண்டும். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பிறகு கொய்யாக் கம்பு ஊன்றி நான்கு எட்டு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். குறை சொல்வாளே தவிர, நோகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எண்ணெய் போட்டு நீவும்போது அந்தக் கறுப்பு மெல்ல மஞ்சளாகி, மஞ்சளும் வெளுத்துக்கொண்டு வந்ததை நான் தினமும் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் அதை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் நான் மலையிலிருந்து வந்தால் அவளைக் காணவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் நாற்றம் என்று, கம்பை ஊன்றிக்கொண்டு மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குத் தனியாகக் குளிக்கப் போயிருந்தாள். போகும்போது நடந்து போனாள். வரும்போது இரண்டு பெண்கள் தாங்கி வந்தார்கள். கால் மறுபடி பொம்மென்று வீங்கியிருந்தது.

அன்றைக்கு நான் கத்தினேன். லயமே வெளியே வந்து நின்றது. உங்களுக்காக என் உடம்பு தேய்கிறது, என் பிள்ளைக்குத் தலை வார எனக்கு நேரமில்லை, நான் என்ன உங்கள் அடிமையா, போனால் போங்கள், கப்பல் ஏறிப் போங்கள் என்றெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பாசத்தில் அழவில்லை. அலுப்பில் அழுதேன். அவள் போய்விட்டால் என் மூன்றாவது மிதிதான் அவளைக் கப்பலில் ஏற்றியது என்று நான் சாகும்வரை சுமக்க வேண்டுமே என்ற பயத்திலும் அழுதேன்.

அவள் சட்டியில் இருந்த கஞ்சியில் பாதியை என் பக்கம் தள்ளினாள். "குடி. ஆறிப்போச்சு" என்றாள். அதற்குப் பிறகு வெதமாத்தயா சொன்னதை மீறி அவள் ஒரு அடி வைக்கவில்லை.

துரை பொறுக்குகிற நாள் வந்தது. அன்று காலையில் கட்டை அவிழ்த்து, எண்ணெய் வாசம் போக அடுப்புச் சாம்பலால் தேய்த்துக் கழுவினேன். வெளிக் கணு இன்னும் கொஞ்சம் புடைத்திருந்தது. அதை மறைக்கச் சேலையைத் தாழ்த்திக் கட்டினாள். கம்பை வாசலில் சாய்த்து வைத்தாள். ஸ்டோர்வரை என் தோளை ஒட்டியபடியே நடந்து வந்தாள். பார்ப்பவர்களுக்கு நாங்கள் ஏதோ ரகசியம் பேசிக்கொண்டு போவது போலிருக்கும்.

துரை ஸ்டோர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேர் கூப்பிட்டால் ஏழு படி ஏறிப் போய் அவர் முன்னால் நிற்க வேண்டும், பிறகு இறங்கி வர வேண்டும். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று பேர் வாசித்தார். ஒரு பெரியவர் ஏறும்போது இருமினார். துரை ஏதோ சொன்னார், கணக்கப்பிள்ளை எழுதினார். இறங்கி வந்த பெரியவர் யாரையும் பார்க்காமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

மதினியின் பேரைக் கூப்பிட்டார்கள். நாற்பது நாள் பழக்கத்தில் என் வாய் தானாகத் திறந்தது. கங்காணி என்னை முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன். மதினி, "இருக்கேங்க" என்றாள். ஏறும்போது நல்ல கால் முதலில் என்று வெதமாத்தயா சொன்னதை அங்கே செய்ய முடியாது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினால் குட்டு உடைந்துவிடும். அவள் எல்லாரையும் போல மாற்றி மாற்றிக் காலை வைத்து ஏறினாள். இரண்டாவது, நான்காவது, ஆறாவது. அந்தப் படிகளில்தான் வலது கால் வந்தது. அவள் நின்றாள். துரை பார்த்தார். திரும்பினாள். இறங்குவதுதான் கஷ்டம். கைகளைத் தொங்கவிட்டபடி, முகத்தில் வழக்கமான சிடுசிடுப்போடு, ஏழு படியும் இறங்கி வந்தாள். துரை அதற்குள் அடுத்த பேரைக் கேட்டுவிட்டார். கணக்கப்பிள்ளை ஒன்றும் எழுதவில்லை.

லயத்துக்குத் திரும்பும்போது வளைவு தாண்டியதும் அவள் என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டாள். வியர்த்து ஊற்றியது. எனக்கு இனி அடக்க முடியவில்லை.

"மதினி, அன்னிக்கு மூணாவது மிதி..."

"தெரியும்" என்றாள்.

"கோவத்துல மிதிச்சிட்டேன்."

"தெரியும்ங்கிறேன்ல? வெதமாத்தயா கேட்டதும் தெரியும். பொறந்ததுலேருந்து இந்த ஆத்துத் தண்ணியக் குடிக்கிறேன், அவங்க பேசுறது எனக்கு வெளங்காதுன்னா நெனச்ச? பேசத்தான் வராது."

என் காது சுட்டது. "அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா அழுவ. நானும் போனாப் போகுதுன்னு சொல்லியிருப்பேன். ஒனக்கு மனசு லேசாயிரும். பொறகு என் மரத்த யாரு வெட்டுறது?"

நடுவழியில் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்று தோன்றிற்று. நாற்பது நாள் ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கும்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் தெரிந்தபடியே படுத்திருந்தாள். பிறகு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாளா என்று பார்க்கவில்லை. "நட, பசிக்குது" என்றாள்.

தீபாவளி கழிந்து மதினி பேறு பார்க்க மகள் வீட்டுக்குப் போனாள். கங்காணியிடம் சொல்லி அவள் மரங்களை மறுபடியும் நானே வெட்டினேன். இந்தத் தடவை பயத்தில் செய்யவில்லை. ஒரு மாதம் கழித்து ஒருநாள், நான் மலையிலிருந்து வந்து காலை நீட்டிய நேரத்தில், மூட்டையோடு என் வாசலில் வந்து நின்றாள். ரோட்டிலிருந்து ஏறி வந்ததில் வலது கால் கொஞ்சம் இழுத்தது. ஈர நாட்களில் அது கடைசிவரை இழுத்தது.

"என்ன புள்ள மதினி?"

"பொட்டப்புள்ள. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க." மூட்டையை இறக்கி வைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "காலால வந்துச்சு."

என் காலை நானே பார்த்துக்கொண்டேன்.

"தலையாலதான் பொறந்துச்சுன்னு சொல்லணும்னு மருத்துவச்சிகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். மககிட்டயும் சொல்லிட்டேன். நீயும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

"ஏன் மதினி?"

"அந்தப் புள்ளயாவது வேலை முடிஞ்சு வந்து, நிம்மதியாச் சாப்புட்டுட்டுப் படுக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் வீட்டைத் திறந்து உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது.